அறுநூற்றுப் பன்னிரண்டு சார்ட்டுகளின் தனிக்குடித்தனம்

எங்கள் கம்பெனியில் நான் போட்ட அளவுச் சார்ட்டை நம்பாமல் யாரும் இரண்டாம் முறை டேப் வைத்துப் பார்த்ததில்லை. தற்பெருமை என்றால் தற்பெருமைதான். பதினோரு வருடமாகச் சேர்த்து வைத்தது, சும்மா விட்டுக்கொடுக்க மனசு வராது. அருள்புரத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் நான்காவது கட்டடம் எங்களுடையது. குழந்தைகளுக்கான பனியன், சட்டை, கால்சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். மார்பு இவ்வளவு, நீளம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, கை இவ்வளவு என்று ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு சார்ட் உண்டு. அதைப் பார்த்துத்தான் கட்டிங் மாஸ்டர் துணியில் கத்தி வைப்பார். அந்தச் சார்ட்டைப் போடுகிறவள் நான், சண்முகப்பிரியா.

சார்ட்டெல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவை கிளவுடில் இருந்தன. பெயரைக் கேட்டு யாரும் அண்ணாந்து பார்க்க வேண்டாம். எவனோ ஒருவன் எங்கோ ஒரு பெரிய கூடத்தில் கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்திருப்பான். நம் சாமான் அவன் வீட்டில் இருக்கும். நாம் மாதா மாதம் வாடகை கட்டிவிட்டு, இன்டர்நெட் வழியாக எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் கிளவுட்.

நாங்கள் இருந்த கிளவுடுக்கு நான் வைத்த பெயர் மாமியார் வீடு. கொண்டுபோகிற வரைக்கும் வாசலில் நின்று வரவேற்பார்கள். திருப்பி எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன் என்றால் முகம் மாறிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, அந்த வீட்டுக்காரர்கள் யாருடனும் பேச மாட்டார்கள். எங்களிடம் சரக்கு வாங்குகிற பையர் வேறொரு கிளவுடில் இருந்தான். இந்தச் சார்ட் அந்தக் கிளவுடுக்குத் தானாகப் போகாது. ஒவ்வொரு சார்ட்டிலும் நாற்பது எண்களை இங்கே பார்த்து அங்கே தட்ட வேண்டும். சண்டை போட்டுக்கொண்ட பங்காளிகளுக்கு நடுவே தூது போகிறவளைப் போல, நான் பதினோரு வருடம் இரண்டு கிளவுடுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன். புதிதாக ஒரு கம்பெனி வந்து, எங்கள் கிளவுட் எல்லாருடனும் பேசும், நாளைக்குப் பிடிக்கவில்லை என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போகலாம், தடுக்க மாட்டோம் என்று சொன்னதும் எனக்குத் தனிக்குடித்தனம் கிடைத்த சந்தோஷம்.

முதலாளி ரத்தினசாமி சாருக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. நல்ல மனிதர், ஆனால் ஓடுகிற மெஷினில் கை வைக்கக் கூடாது என்கிற கட்சி. போதாக்குறைக்குப் பழைய கிளவுட் கம்பெனிக்காரர் வாரம் ஒருமுறை அவருக்குப் போன் போட்டு, மாத்தினால் எல்லாம் காணாமல் போய்விடும் என்று பயமுறுத்திக்கொண்டிருந்தார். அடுத்த வார வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியோடு அவர்கள் ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் சார்ட்டுகளை அழித்துவிடுவார்கள். புதுப்பித்தாலோ இன்னும் மூன்று வருடம் அதே வீடு.

"அறுநூத்திப் பன்னெண்டு சார்ட்டு இருக்குது அம்மணி. ஒண்ணு கெட்டாலும் பையருக்கு என்ன பதில் சொல்றது?" என்று மீட்டிங்கில் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என் சார்ட்டை வைத்துக்கொண்டு என்னையே சந்தேகப்படுவதா?

"வெள்ளிக்கிழமைக்குள்ள அத்தனையும் ஒழுங்கா அங்க இருக்குமுங்க சார். இல்லீன்னா நான் இந்தச் சேர்ல உக்கார மாட்டனுங்க. பேக்கிங் செக்சனுக்குப் போயிர்றேன்."

பக்கத்தில் இருந்த கட்டிங் மாஸ்டர் கிட்டுசாமிக்கு டீ புரையேறியது. மற்றவர்கள் என் சேரைப் பார்த்தார்கள். ஜன்னல் ஓரம், ஃபேனுக்கு நேர் கீழே, சக்கரம் வைத்த சேர். சேர் சாதாரணம்தான். ஆனால் அதில் உட்கார்ந்திருப்பவள் சொன்னால் கத்தி துணியில் இறங்கும். எனக்கு இந்த ஊரில் இருக்கிற மரியாதை அத்தனையும் அந்தச் சேரில்தான் இருக்கிறது. அதைத்தான் வாய் கொழுத்துப் பணயம் வைத்தேன்.

மூட்டை கட்டுகிற வேலைக்குப் பிரதீப்பைப் பிடித்தேன். சோமனூர்க்காரர், முப்பது வயசு இருக்கும். கோயம்புத்தூரில் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாக இந்தத் தொழிலில் இறங்கியிருந்தார். ஒரு கிளவுடில் இருப்பதை இன்னொரு கிளவுடுக்கு மாற்றிக் கொடுப்பது. எங்களுடையதுதான் அவருக்கு இந்தப் பக்கத்தில் முதல் வேலை.

"இது நல்லபடியா முடிஞ்சா இன்னும் நாலு கம்பெனி கூப்புடுவாங்கக்கா," என்றார் முதல் நாளே. "எப்ப வேணா போன் பண்ணுங்க. ஞாயித்துக்கெழம காலைல மட்டும் சர்ச்சுல இருப்பனுங்க."

பழைய கம்பெனியிடம் எங்கள் சார்ட்டுகளைக் கேட்டோம். அனுப்பினார்கள், அறுநூற்றுப் பன்னிரண்டு படங்களாக. ஃபோட்டோ எடுத்த மாதிரி. பார்க்கலாம், கும்பிடலாம், ஒரு எண்ணைக்கூட எடுத்து வேறிடத்தில் வைக்க முடியாது. உங்கள் டேட்டா உங்களிடம் வந்துவிட்டதே மேடம் என்று போனில் ஒரு குரல் சமாதானம் சொன்னது. வீட்டுச் சாவியைக் கேட்டால் சாவியின் படத்தைக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். மூன்று நாள் விடாமல் கேட்டேன். நான்காம் நாள், வரிசை வரிசையாக எண்களுடன் நிஜமான அட்டவணைகள் வந்தன. என் தொண்டை கட்டிவிட்டது, ஆனாலும் ஜெயித்தேன்.

பிரதீப் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தார். நான் தலைக்குப் பின்னால் நின்றேன்.

"ஒரு வரி கூடக் குறையக் கூடாதுங்க தம்பி. அங்க என்ன இருக்குதோ அப்படியே இங்க வரோணும்."

"செரிங்கக்கா. ஆனா பல சார்ட்டுல மொதல் வரி…"

"மொதல் வரியோ கடைசி வரியோ, ஒண்ணும் விடக் கூடாதுன்னு சொன்னனுங்கல்ல."

"செரிங்கக்கா."

அவர் வாயை மூடிக்கொண்டார். நான் அதைக் கீழ்ப்படிதல் என்று எடுத்துக்கொண்டு மனசுக்குள் பாராட்டினேன். புதன்கிழமை மத்தியானம் அறுநூற்றுப் பன்னிரண்டும் புது கிளவுடுக்குப் போய்ச் சேர்ந்தன. எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. இரண்டைத் திறந்து பார்த்தேன், கட்டம் நிறைய எண்கள் இருந்தன. போதும் என்று எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை காலையில், பழைய டிசைன் ஒன்றுக்கு மறுபடியும் ஆர்டர் வந்திருந்ததால், புது கிளவுடிலிருந்து அதன் சார்ட்டை எடுத்து சாம்பிள் தைக்கக் கொடுத்தேன். ஒரு வயதுக் குழந்தைக்கான மஞ்சள் முழுக்கைச் சட்டை. சாம்பிள் டெய்லர் நிர்மலா கையில் வேகம் உள்ளவள். ஒரு மணி நேரத்தில் தைத்துக்கொண்டு வந்து என் மேஜை மேல் விரித்தாள்.

"ஏனுங்க்கா, இது கொழந்தைக்குங்களா, தலகாணிக்குங்களா?"

சட்டை நீளத்தைவிட அகலம் அதிகமாக இருந்தது. கை, முழங்கை வரைகூட வராது. கழுத்தோ, குழந்தையை மேலே விட்டால் கீழே வந்து விழுந்துவிடும் அளவுக்கு அகலம்.

"தைக்கும்போதே தெரியலயா உனக்கு?"

"தெரிஞ்சுதுங்க்கா. ஆனா நீங்க போட்ட சார்ட்டாச்சே. வெளிநாட்டுக்காரன் இப்பல்லாம் எதை வேணா போடுவான்னு தெச்சுப்போட்டேன்."

பிரதீப்பைக் கூப்பிட்டு, சாம்பிள் செக்சனில் பத்துப் பேர் நிற்கையிலேயே ஆரம்பித்தேன். என்ன சொன்னேன் என்று முழுதாக எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. அரைகுறை, பொறுப்பில்லை, வேலை தெரியாமல் ஊர் ஊராகக் கிளம்பிவிடுகிறீர்கள் என்கிற ரகம்.

"என் பக்கம் தப்பு இருக்குற மாதிரித் தெரியலீங்கக்கா. ஆனா பாக்கறனுங்க," என்று மட்டும் சொல்லிப் பிரதீப் லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினார். கிளம்பும்போது மெஷின்கள்கூட ஓடவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போச்சாது உடு அம்மணி. அந்தத் தம்பிக்கு அனுபவம் பத்தல, நீ என்ன பண்ணுவ. நாளைக்கு மூணு மணிக்குப் பழைய கம்பெனிக்காரரு வர்றாரு, கையெழுத்துப் போட்டுர்றேன். நீ சேரு கீருன்னு மனசுல வெச்சுக்காத. தப்பு உன்னுது இல்லியே."

சேர் தப்பித்தது. வாடகைத் தூதுவேலை இன்னும் மூன்று வருடம் உண்டு, ஆனால் சேர் தப்பித்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது வண்டி ஓட்டிக்கொண்டே எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிரதீப்புக்கு இந்தப் பக்கம் இனி வேலை கிடைக்காது என்பதும் தெரிந்தது. கம்பெனிகளுக்குள் செய்தி பரவ இங்கே ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கிட்டுசாமி மாஸ்டர் இரண்டு கை நிறையச் சட்டைகளோடு வந்தார். பையர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட பழைய சாம்பிள்களை நாங்கள் ஓர் அறையில் தொங்க விட்டிருப்போம். அவற்றில் பதினெட்டை எடுத்து, ஒவ்வொன்றையும் டேப் வைத்து அளந்து, புது கிளவுடில் உள்ள சார்ட்டோடு ஒத்துப்பார்த்திருக்கிறார். யாரும் சொல்லவில்லை, அவராகவே. மேஜை மேல் இரண்டு குவியலாகப் போட்டார். ஒன்றில் பதிமூன்று, இன்னொன்றில் ஐந்து.

"இந்தப் பதிமூணும் கோளாறுங்க. மார்பு நீளத்துக்குப் போயிருக்குது, நீளம் மார்புக்கு. கழுத்தும் கையும் அதே மாதிரி எடம் மாறிக் கெடக்குது. இந்த அஞ்சு மட்டும் சுத்தமா இருக்குதுங்க."

"அதெப்படி மாஸ்டர், அஞ்சு மட்டும்?"

அவர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். சொல்லத் தயங்குகிறார் என்று தெரிந்தது.

"தேதியப் பாத்தனுங்க. இந்த அஞ்சும் நீங்க பிரசவத்துக்குப் போயிருந்தப்ப போட்டதுங்க."

அந்த மூன்று மாதம் என் வேலையைப் பார்த்தவன் யுவன். இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான். பேனாவைக்கூட நேராகப் பிடிக்கத் தெரியாது என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த யுவன். அவன் போட்டதெல்லாம் சரியாக வந்து, நான் போட்டது மட்டும் கெடுமா? எனக்கு எரிச்சலில் காது சூடாகிவிட்டது. பழைய கிளவுடைத் திறந்து அவன் சார்ட் ஒன்றையும் என் சார்ட் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

அவனுடையதில் முதல் வரியிலேயே தலைப்புகள்: மார்பு, நீளம், கழுத்து, கை. கீழே எண்கள்.

என்னுடையதில் தலைப்புகள் இரண்டாம் வரியில் இருந்தன. முதல் வரியில், இடது ஓரத்தில், "முருகன் துணை".

எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டு எழுதினாலும் மேலே முருகன் துணை இருக்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சைப் பேப்பரில் எழுதினேன். கல்யாணப் புடவை எடுக்கப் போகும்போது ஜாக்கெட் அளவு எழுதிய துண்டுச் சீட்டில்கூட எழுதினேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்த முதல் நாள், வெறும் கட்டத்தைப் பார்த்ததும் கை தானாக அதைத்தான் தட்டியது. அப்புறம் நிறுத்தவே இல்லை. பழைய கிளவுட் எதைப் போட்டாலும் வாங்கி வைத்துக்கொள்ளும், கேள்வி கேட்காது. புது கிளவுட் முதல் வரியில் தலைப்பைத் தேடியிருக்கிறது. முருகன் இருந்தார். மார்பையும் நீளத்தையும் அங்கே காணோம் என்று, இரண்டாம் வரியை ஒதுக்கிவிட்டு, அது தன் வழக்கப்படி நீளம், மார்பு, கை, கழுத்து என்று தானே தலைப்புப் போட்டுக்கொண்டது. என் எண்கள் போய் அடுத்தவர் பெயருக்குக் கீழே உட்கார்ந்துவிட்டன.

பல சார்ட்டில் மொதல் வரி என்று பிரதீப் ஆரம்பித்தது ஞாபகம் வந்தது. வாயை அடைத்தவள் நான்.

மாஸ்டர் கட்டிங்குக்குப் போய்விட்டார். அறையில் நான் மட்டும்தான். இந்த இடத்தில் நான் யோக்கியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பேசாமல் விட்டுவிடலாமே என்று தோன்றியது. முதலாளியே தப்பு உன்னுது இல்லை என்று சொல்லிவிட்டார். மூன்று மணிக்குக் கையெழுத்து. முருகன் பழைய கிளவுடில் இன்னும் மூன்று வருடம் பத்திரமாக இருப்பார், யாருக்கும் தெரியப் போவதில்லை. டீ வந்தது. ஆறுகிற வரைக்கும் அப்படியே யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு, லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பத்துப் பேருக்கு நடுவே நடந்துபோன முதுகு கண்ணில் வந்து நின்றது. டீயைக் குடிக்க முடியவில்லை. போனை எடுத்தேன்.

எடுத்தால், பிரதீப்பிடமிருந்து நான்கு மிஸ்டு கால். காலையில் வண்டியில் வரும்போதே பார்த்ததுதான். கெஞ்சுவதற்காகக் கூப்பிடுகிறார் என்று நானாக நினைத்து எடுக்காமல் விட்டிருந்தேன்.

"தம்பி, மொதல் வரிங்க," என்றேன்.

"தெரியுமுங்கக்கா. நேத்து ஊட்டுக்குப் போய் ஒக்காந்து தேடினனுங்க. காலைல எட்டு மணிக்குத் தெரிஞ்சுது. அதுக்குத்தான் கூப்புட்டேன்."

"நான் எடுக்கலீன்னா சாருக்குப் பண்ணிச் சொல்லியிருக்கலாமில்லீங்க? உங்க பேருல்ல கெட்டுப்போகும்."

"உங்கள வெச்சுக்கிட்டே சொன்னா பரவால்லீங்கக்கா. உங்களத் தாண்டிப் போய், உங்க மேல தப்புன்னு எப்படிங்க சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது. அதை அவர் கேட்கக் கூடாது என்று தொண்டையைச் செருமினேன்.

"சரி பண்ண எத்தன நேரம் ஆகும்?"

"அந்த வரிய எடம் மாத்திட்டு மறுபடி ஏத்தோணும். நாலு மணி ஆயிருமுங்க. இங்கிருந்தே பண்ணிரலாம்."

"பண்ணுங்க. கையெழுத்த நான் நிறுத்தறேன்."

மூன்று மணிக்கு முதலாளி அறைக்குள் போனபோது பழைய கம்பெனிக்காரர் பேப்பரை விரித்து வைத்திருந்தார். முதலாளி கையில் பேனா.

"சார், பிரதீப் மேல தப்பு இல்லீங்க. தப்பு என்னுதுங்க," என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், முருகன் துணை உட்பட. சொல்லி முடித்தபோது முதலாளி முகத்தில் சிரிப்பு வருவதா வேண்டாமா என்று நின்றது. அவர் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரிலும் முருகன்தான்.

பழைய கம்பெனிக்காரர் இதற்காகவே காத்திருந்த மாதிரி முன்னால் நகர்ந்தார்.

"இதத்தான் சார் நானும் சொல்றேன். எங்க சிஸ்டத்துல இந்தப் பிரச்சனையே வராது. மேடம் எதப் போட்டாலும் நாங்க வாங்கி வெச்சுக்குவோம்."

"வாங்கி வெச்சுக்கிறீங்க, செரிங்க," என்றார் முதலாளி. "நாங்க திருப்பிக் கேட்டப்பதான் படம் காட்டினீங்க." பேனாவை மூடிப் பையில் செருகினார். "நாலரைக்கு மாஸ்டர் டேப் வெச்சுப் பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் ஒரு காப்பி சாப்பிடுங்க."

நாலரை மணிக்குக் கிட்டுசாமி மாஸ்டர் பதினெட்டுச் சட்டையையும் மறுபடி அளந்தார். ஒவ்வொன்றாக. என் சார்ட்டைச் சந்தேகப்பட்டு ஒருவர் டேப் வைப்பதை முதல் முறையாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தப்பில்லை, வைக்கத்தான் வேண்டும். கடைசிச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, "பதினெட்டும் சுத்தமுங்க," என்றார். பழைய கம்பெனிக்காரர் பேப்பரை மடித்துக்கொண்டு கிளம்பினார்.

"அப்பறம் என்ன அம்மணி, போய் உக்காரு," என்றார் முதலாளி.

உட்காரத்தான் முடியவில்லை. நான் சொன்னபடி வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் வந்துவிட்டது, பந்தயப்படி சேர் எனக்கே. ஆனால் பத்துப் பேர் முன்னால் ஒருவரை வைதுவிட்டு, முதலாளி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் கணக்கு நேராகாது. சாம்பிள் செக்சனுக்குப் போனேன். மெஷின்களை நிறுத்தச் சொன்னேன். பிரதீப்புக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"தம்பி, இங்க எல்லாரும் கேட்டுட்டு இருக்கறாங்க. நேத்து நான் பேசுனது அத்தனையும் தப்புங்க. வேலைய நீங்க செரியாப் பண்ணுனீங்க. கெடுத்தது நானுங்க. மன்னிச்சுக்கோங்க."

நிர்மலா அந்த மஞ்சள் சட்டையை எடுத்துத் தலையணைக்கு மாட்டுகிற மாதிரி காற்றில் ஆட்டினாள். நான் முறைக்க முயன்றேன், வரவில்லை.

"பரவால்லீங்கக்கா," என்றது போன். "மணி அஞ்சரை ஆச்சுங்க. பழைய எடத்தக் காலி பண்ணிரலாமுங்களா?"

"ஒரு வரி கூட விட்டுப்போகலியே?" பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

"இல்லீங்கக்கா. புதுசுல ஏதாவது உங்க சார்ட்டு ஒண்ணத் தொறந்து, அடில குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கும், பாருங்க."

என் மேஜைக்குப் போய், நின்றுகொண்டே ஒன்றைத் திறந்தேன். மேலே தலைப்புகள், கீழே எண்கள், எல்லாம் அதது இடத்தில். அடியில் குறிப்புக் கட்டத்தில், முருகன் துணை. இன்னொன்றைத் திறந்தேன், அதிலும் இருந்தது. அடுத்ததிலும்.

"ஐநூத்தி எழுபத்திரண்டு சார்ட்டுல இருந்துதுங்கக்கா. அழிச்சுட்டு ஏத்தியிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும். ஒரு வரி கூடக் குறையக் கூடாதுன்னு சொன்னீங்களே, அதான் எடம் மட்டும் மாத்தி வெச்சேன்."

யார் பார்த்தாலும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"காலி பண்ணிருங்க தம்பி," என்றேன்.